தரிசைக் கடத்திவிட்டவர்

எழுபதுகளில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போட ஊர் ஊராக அலைந்தபோது, கொற்கைப் பக்கம் ஆடு வளர்க்கும் ஒரு சம்சாரியைச் சந்தித்தேன். நெடிய உடம்பு, உப்புப் பூத்ததுபோல் வெளுத்த புருவம். ஆள்துணை இல்லாத வீட்டு வயல்களில் உரத்துக்குத் தன் ஆடுகளைக் கிடை போட்ட பிறகுதான் சொந்த வயலுக்கு வருவார்.

ஊருக்கும் மேய்ச்சலுக்கும் நடுவே ஒரு தரிசு. ஒரு காலத்தில் கடல் அதுவரை இருந்ததாம். இப்போது பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் அவர் வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஒரு குட்டியைத் தோளில் போட்டு, காலை இழுத்து இழுத்து நடப்பார். ஆடுகள் முகத்தை உயர்த்தியபடி பின்னால் போகும். ஊர்ப் பிள்ளைகளையும் அவரே கைபிடித்துக் கடத்திவிடுவார்.

ஒரு நண்பகலில் நானும் அவரோடு போனேன்.

"தண்ணியே இல்லையே அண்ணாச்சி, எதுக்கு வேட்டியத் தூக்குதிய?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தம்பியும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே தனியா எறங்குனான் சார். இன்னும் கரையேறல. அவன் புள்ளைக எங்கிட்டதான் வளருது. நீங்க கைய விட்றாதிய."

நான் விடவில்லை. கால் ஏனோ கனத்தது.

மறுபக்க வரப்பில் ஏறியதும் ஆடுகள் எல்லாம் நின்று உடம்பைச் சிலிர்த்து உதறின. ஒரு சொட்டுகூடத் தெறிக்கவில்லை.

ஆனாலும் நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.