நாகஜோதி வராத போட்டிக்கு எந்த மொழி?

1. காப்பு

கோவையில் நடக்கும் ரோபோட்டிக்ஸ் போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது, பிளஸ் டூ மாணவி நாகஜோதி லேபுக்குள் வந்து கையை நீட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"காப்பு கட்டிட்டாக மிஸ். நான் முளைப்பாரி போட்டிருக்கேன். திருவிழா முடியுற மட்டும் வெளியூர்ல தங்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாக."

போட்டிக்கு முதல் நாளே போய்த் தங்கியாக வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கில் காதுகுத்துக்கு நாள் குறிப்பதென்றாலும் முதலில் காப்பு என்றைக்கு என்று விசாரிப்பார்கள். சின்னமனூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்து, அங்கேயே இருபது வருஷத்துக்கு மேல் கம்ப்யூட்டர் பாடம் நடத்திய நான் விசாரிக்கவில்லை. போட்டி நடத்தும் கல்லூரியிலிருந்து முத்திரை குத்தி ஆங்கிலத்தில் கடிதம் வந்ததும் தலைகால் புரியாமல் எங்கள் அணியின் ஐந்து பெயரையும் எழுதி அனுப்பிவிட்டேன். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

எங்கள் ரோபோ தரையில் ஒட்டிய கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓடும் சின்ன வண்டி. அதன் புரோகிராம் முழுவதும் சி பிளஸ் பிளஸ்ஸில், நாகஜோதி ஒருத்தியே எழுதியது. மற்ற நால்வரும் சால்டரிங், சக்கரம், பேட்டரி என்று இருந்தார்கள். போட்டியிலோ நடுவர் அங்கேயே தடத்தை மாற்றுவார். பத்து நிமிஷத்தில் புரோகிராமைத் திருத்தி ஓட்ட வேண்டும். திருத்த ஆள் இல்லையென்றால் வெளியே வர வேண்டியதுதான்.

2. லேப் தரையில் இரண்டு ஓட்டம்

"போன் போட்டு இவகிட்டக் கேட்டுக்கிடலாம்ல மிஸ்?" என்றான் சக்கரம் மாட்டும் பாண்டி.

"உள்ள போன் விட மாட்டாகடா" என்றேன்.

பைத்தானில் மாற்றி எழுதினால் என்ன என்று கேட்டேன். வண்டியை இயக்கும் போர்டு அதையும் ஏற்கும். பிளஸ் டூவில் பைத்தான்தான் பாடம் என்பதால் ஐந்து பேருக்கும் கொஞ்சமாவது பழக்கம். நாகஜோதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"மூணு மாசமா எழுதியிருக்கேன் மிஸ். பைத்தான் ஸ்லோ. வளைவுல வண்டி கோட்டைத் தாண்டிப் போயிரும்."

அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. பைத்தான் ஸ்லோ என்று வகுப்பில் வருஷக்கணக்காகச் சொல்லி வந்தவளே நான்தான். எவ்வளவு ஸ்லோ? ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. எங்கோ படித்ததை ஒப்பித்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்த வயதில் எனக்கு அதை அளந்து பார்த்துவிட வேண்டும் என்று ஓர் ஆர்வம் பிடித்துக்கொண்டது.

"சண்டை எதுக்கு? ரெண்டையும் ஓட்டிப் பாத்துருவோம்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே இரண்டு நாளில் அதே வேலையைப் பைத்தானில் எழுதிக் கொடுத்தாள். தரையில் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினோம். சி பிளஸ் பிளஸ் முப்பத்தொரு விநாடியில் முடித்தது. பைத்தான் வண்டி இரண்டாவது வளைவிலேயே தடம் மாறிப் போய் பீரோ காலில் முட்டி நின்றது. நாகஜோதி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பாண்டி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான். "ஏத்தா, இங்கன பாரு. நேர் ரோட்டுக்கும் வளைவுக்கும் ஒரே ஸ்பீடு குடுத்திருக்க. குமுளி மலையில பஸ்ஸ இப்படி ஓட்டுவாகளா?"

வளைவில் வேகத்தைக் குறைத்தார்கள். முப்பத்தாறு விநாடியில் வண்டி ஒழுங்காக வந்து சேர்ந்தது.

ஐந்து விநாடி நஷ்டம். ஆனால் நான் அசந்துபோனது வேறு விஷயத்துக்கு. மூன்று மாதமாகப் புரோகிராம் பக்கமே தலைகாட்டாத பயல், ஒரு வரியை வாசித்துக் குற்றம் கண்டுபிடித்திருக்கிறான்.

"முடிவ நீயே சொல்லு நாகஜோதி" என்றேன்.

"பைத்தானே இருக்கட்டும் மிஸ். ஆனா நாலு பேரும் ஒவ்வொரு வரியும் என்ன செய்யுதுன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தேன் பஸ் ஏறணும்" என்றாள். விடவும் இல்லை. பஸ் ஏறும் நாள்வரை பாண்டியை மட்டும் நான்கு முறை ஒப்பிக்க வைத்தாள்.

3. கருப்புத் தரை

கோவையில் நடுவர் கருப்பு பிளெக்ஸ் ஒன்றை விரித்தார். அதில் வெள்ளைக் கோடு. நாங்கள் பழகியது அப்படியே தலைகீழ். ஆசிரியர்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும்.

பாண்டி ஒரு வரியை மாற்றி ஓட்டினான். வண்டி அசையவில்லை. மற்ற மூவரும் குனிந்து பார்த்து ஏதோ சொன்னார்கள். வண்டியைத் தூக்கி வெள்ளையில் வைத்து சென்சார் காட்டும் எண்ணைக் குறித்தார்கள், கருப்பில் வைத்துக் குறித்தார்கள், இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணை எல்லையாகப் புரோகிராமில் போட்டார்கள். ஒன்பதாவது நிமிஷம் வண்டி நகர்ந்தது. மெதுவாகத்தான் போனது, ஆனால் கடைசிவரை போனது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பரிசு இல்லை. எங்களைவிட வேகமான வண்டிகள் நிறைய இருந்தன.

திங்கட்கிழமை நாகஜோதி வந்ததும் வராததுமாகப் புரோகிராமைத் திறந்தாள்.

"யாருலே மாத்துனது?"

"நாந்தேன்" என்றான் பாண்டி. "தப்பா இருக்கா?"

அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள். "தப்பில்ல. ஆனா நான் அங்கன இருந்திருந்தா ஒன்னைய கீபோர்டத் தொடவே விட்டிருக்க மாட்டேன்லே."

இப்போது பணிக்கு வரும் இளைய ஆசிரியர்கள், அணிக்கு எந்த மொழி நல்லது மேடம் என்று கேட்கிறார்கள். எனக்கு இன்னும் தெரியாது. அணியிலேயே நன்றாக எழுதும் பிள்ளை என்றாவது ஒருநாள் வர முடியாமல் போகும். அன்றைக்கு மற்ற பிள்ளைகள் பயப்படாமல் திறந்து வாசிக்கக்கூடிய மொழி எதுவோ, அதில் எழுதச் சொல்கிறேன்.