பட்டியலில் இருந்த ஒரே பெயர்

பக்கத்துப் பண்ணைக்காரர் கெவினிடம் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "செவ்வாய்க்கிழமை எனக்கு ஆகாது. மாட்டுக்கு ஊசி போட ஆள் வருகிறார். வியாழன் பத்து மணிக்கு வாங்களேன்" என்றார். மறுமுனையில் சரி என்றிருக்க வேண்டும். சுவரில் தொங்கிய காலண்டரில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு போனை வைத்தார். யார் என்று கேட்டேன். "போலீஸ்" என்றார். கெவினுக்கு எழுபது வயது, மனைவி இறந்த பிறகு தனியாக இருப்பவர். "உங்கள் மகளுக்கு நான் போன் பண்ணட்டுமா? தெரிந்த வக்கீல் யாராவது இருக்கிறார்களா?" என்றேன். அவர் ஏணியை வாங்கிச் சுவரில் சாய்த்தார். "என் துப்பாக்கிப் பெட்டியைப் பார்க்க வருகிறார்கள், அவ்வளவுதான்" என்றார். அவருக்கு எந்த நாள் வசதி என்று போலீஸ் கேட்டதும், அந்த நாள் ஆகாது என்று அவர் சொன்னதும், அதற்கு அவர்கள் ஒப்புக்கொண்டதும் எனக்கு வீட்டுக்கு வந்த பிறகும் ஆறவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு நான் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. குளிருக்கும் மின்சார அடுப்புக்கும் பழகிவிட்டேன். இதற்குப் பழக முடியவில்லை.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு நான் ஏன் கொதிக்கிறேன் என்பது புரிய வேண்டுமானால் என் நைனாவை, அதாவது அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்தில் இருந்து கடற்கரைப் பக்கம் போகும் சாலையில், காப்புக்காட்டை ஒட்டி இருக்கிறது. நைனா ஏகாம்பரத்துக்கு அங்கே மூன்று ஏக்கர். வேர்க்கடலைதான் போடுவார். காட்டில் இருந்து பன்றிகள் இறங்கினால் ஒரே வேளையில் அரை ஏக்கரை உழுதுபோட்டுவிடும். அதற்காகப் பயிர்ப் பாதுகாப்பு என்று சொல்லி, கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் அலைந்து, எழுபதுகளிலேயே லைசென்ஸ் வாங்கி ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். வாய்ப்பக்கம் மருந்தை இடித்து நிரப்பிச் சுடும் பழைய வகை. ஒரு முறை சுட்டால் அடுத்ததற்கு ஐந்து நிமிடம் ஆகும். அவர் எதையும் கொன்றதில்லை. வானத்தைப் பார்த்துச் சுடுவார், பன்றி ஓடிவிடும், வீட்டுக்கு வந்து குழலைத் துடைத்து வைப்பார். லைசென்ஸ் புத்தகத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். மூன்று வருடத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போவார். அவர் மாதிரி சட்டத்தை மதித்த ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. அந்த மரியாதைக்கு என்ன கிடைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். தொண்ணூறுகளின் பிற்பாதியில் நாடாளுமன்றம் எத்தனை முறை கலைந்தது என்பது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். 1998 தேர்தல் மாசியில் வந்தது. வேர்க்கடலை மண்ணுக்குள் முற்றுகிற நேரம். நைனா தையிலேயே துப்பாக்கியைத் துணியில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, முத்திரை குத்திய ரசீதோடு வந்தார். பயிர் முடியும்வரை விலக்கு கொடுங்கள் என்று தாசில்தாரிடம் மனு எழுதிக் கொடுத்தோம். உத்தரவு எல்லோருக்கும் பொது என்று பதில் வந்தது. எல்லோருக்கும் என்றால் யாருக்கு? எங்கள் சுற்றுவட்டாரத்தில் லைசென்ஸ் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். காட்டில் முயல் அடிக்கிறவர்களிடமும், ஏரி மீன் குத்தகைக்காரர்களின் ஆட்களிடமும் கள்ளத் துப்பாக்கி இருந்தது ஊருக்கே தெரியும். அவர்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. நாங்கள் வயலைச் சுற்றிப் பழைய புடவைகளைக் கட்டினோம், தகரம் அடித்தோம், தீபாவளிக்கு மிஞ்சிய வெடியைக் கொளுத்தினோம். நான்கு நாளில் பன்றிகளுக்கு அதெல்லாம் பழகிவிட்டது. மாசி முடிவதற்குள் இரண்டு ஏக்கர் கிளறிய மண்ணாகக் கிடந்தது. அம்மா அதில் உட்கார்ந்து, தப்பிய கடலையை விரலால் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை கெவின் என்னையும் வரச் சொல்லியிருந்தார். என் பயத்தைப் போக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். வந்தவள் இளம்பெண் போலீஸ். வாசலில் பூட்சைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தாள். சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்புப் பெட்டியை ஆட்டிப் பார்த்தாள், இரண்டு துப்பாக்கிகளின் எண்களையும் தாளோடு ஒப்பிட்டாள், தோட்டா தனிப் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்தாள். தேநீர் குடித்தாள். அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டாள். அவள் கார் தெருமுனை திரும்பியதும் கெவின் பொரிந்து தள்ள ஆரம்பித்தார். தொண்ணூற்றாறில் இந்த நாட்டில் ஒருவன் ஒரே நாளில் பலரைச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகு வந்த சட்டத்தில், கெவினின் அப்பா வைத்திருந்த தானாகக் குண்டு ஏறும் வகைத் துப்பாக்கியை அரசாங்கம் விலை கொடுத்து வாங்கி நசுக்கிவிட்டதாம். "நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. வரிசையில் நின்று கொடுத்தேன். திருடன் எவனாவது அந்த வரிசையில் நின்றானா?" என்றார். என் அப்பாவும் ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை டெபாசிட் செய்ய வேண்டும் என்றேன்.

"பேங்கிலா?" என்றார்.

"போலீஸ் ஸ்டேஷனில்."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "உங்கள் அப்பா எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார்?" என்று கேட்டார். எதிர்க்கட்சிக்காரர்களிடம் இருந்து மட்டும் துப்பாக்கியைப் பறிக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இல்லை, எல்லோரிடமும்தான் என்றேன். "அப்படியானால் தேர்தலில் எல்லோரும் சுட்டுக்கொள்வார்களா?" என்றார். நைனாவுக்கு நடந்ததை முழுதாகச் சொல்ல எனக்கு அன்று இங்கிலீஷ் போதவில்லை. தமிழில் சொல்கிறேன்.

அதே 1998, தேர்தல் முடிந்து இன்னும் எண்ணவில்லை. பக்கத்துக் கிராமத்தில் ஏரி மீன் குத்தகையில் இரண்டு கோஷ்டிக்குத் தகராறு. பட்டப்பகலில் யாரோ நாட்டுத் துப்பாக்கியால் சுட்டு ஒருவன் கெண்டைக்காலில் சிறு குண்டுகள் பாய்ந்துவிட்டன. நான் அப்போது திருக்கழுக்குன்றத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை எதிர்வீட்டு அண்ணன் சைக்கிளில் வந்து மூச்சிறைக்க நின்றார். "தேவி, உங்க நைனாவ போலீஸ் ஜீப்புல ஏத்திகினு போயிட்டாங்கோ. துப்பாக்கி கேஸுன்றாங்கோ. சீக்கிரம் வா" என்றார். நான் ஸ்டேஷனுக்குப் போகாமல் முதலில் வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியில் இருந்து அந்த ரசீதை எடுத்துக்கொண்டு போனேன். நைனா வாசலை ஒட்டிய பெஞ்சில், பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தார். சட்டை போட விடவில்லை. வயலில் இருந்தவரை அப்படியே கூட்டி வந்திருக்கிறார்கள். தோளில் துண்டு மட்டும்.

பதிவேடு எழுதும் ரைட்டரின் மேஜையில் ரசீதை வைத்தேன். "சார், எங்க துப்பாக்கி இங்கதான் சார் கீது. ஒண்ணர மாசமா உங்க ரூம்லயே கீது" என்றேன்.

"எங்களுக்குத் தெரியாதா? நீ வந்து சொல்லித்தான் தெரியணுமா?"

"அப்புறம் எதுக்கு சார் அவர இட்டுகினு வந்தீங்க?"

அவர் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அவர் கோபப்படவில்லை, பொறுமையாகவே சொன்னார். "இந்த ஏரியாவுல துப்பாக்கி லிஸ்ட்ல கீறது ஒரே பேருதான்மா. மேல இருந்து கேட்டா நாங்க யார காட்டறது?"

சப்-இன்ஸ்பெக்டர் வந்ததும் பின்னறையைத் திறந்து பார்த்தார்கள். பறிமுதல் செய்த சாராயக் கேன்களுக்கும் சாக்குகளுக்கும் அடியில் எங்கள் துப்பாக்கி கிடந்தது. சீட்டு அப்படியே கட்டியிருந்தது, மரக்கட்டை விரிசல் விட்டிருந்தது. அதோடு விடுவார்கள் என்று நினைத்தேன். "சரி, இது ஒண்ணுதான் வச்சிருக்கேன்னு என்ன நிச்சயம்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். சாயங்காலம்வரை அதே பெஞ்ச். வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். கிளம்பும்போது, "வயசான காலத்துல இது எதுக்குப் பெரியவரே? சரண்டர் பண்ணிட்டு நிம்மதியா இரேன்" என்றார்.

நைனா பெஞ்சை விட்டு எழுந்தார். "நா இன்னா தப்பு பண்ணேன் சார், குடுக்கறதுக்கு?"

பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். அம்மா தண்ணீர் கொடுத்தபோது நைனா சொன்னார்: "கள்ளத்தனமா வச்சிகினு கீறவன் பேரு எந்த லிஸ்ட்லயும் இல்ல. நா போயி பேரு எழுதிக் குடுத்தேன் பாரு, அதான் நா பண்ண தப்பு." சுட்டவன் யார் என்று ஊருக்கே தெரியும். ஒரு மாதம் கழித்து அவனைப் பிடித்தார்கள். தவறாகக் கூட்டிப்போனோம் என்று எங்கள் வீட்டுக்கு வந்து ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் நைனா லைசென்ஸை விடவில்லை. 1999இல் மறுபடி தேர்தல், மறுபடி சைக்கிள், மறுபடி ரசீது. 2001இல் மறுபடி. அந்த வருடம்தான் கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்த முரளியோடு எனக்குக் கல்யாணம் ஆகி, அடுத்த வருடம் இங்கே வந்தோம். வந்து மூன்றாம் மாதம் நைனா டெலிபோன் பூத்தில் இருந்து பேசினார். புதுப்பிக்கக் கொடுத்த மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்களாம். காரணத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். "மனுதாரர் மீது, துப்பாக்கிச் சூட்டுச் சம்பவம் ஒன்று தொடர்பாக, ஏற்கெனவே விசாரணை நடைபெற்றுள்ளது." படித்துவிட்டு, "அன்னிக்கி கூப்டுகினு போனாங்களே, அதத்தான் எழுதிக்கீறாங்கமா" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் எனக்குத்தான். நிரபராதியைக் கூட்டிப்போய் உட்கார்த்தி வைத்தவர்கள், உட்கார்ந்திருந்ததையே அவர் குற்றமாக எழுதிவிட்டார்கள். அப்பீல் போகலாம் நைனா என்றேன். "வேணாம்மா. இருவத்தாறு வருசம் அவங்க சொன்னதெல்லாம் கேட்டேன். போதும்" என்றார். அந்த வாரமே போய்த் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார். இந்த முறை அது திரும்பி வராது.

இதை முரளியிடம் பேசினால் எங்களுக்குள் சண்டைதான் வரும். "துப்பாக்கி இல்லாத ஊர் நல்ல ஊர்தானே? நம்ம பையன் இங்கே ஸ்கூலுக்கு நிம்மதியாப் போறானே, அது யாரால? கெவின் புலம்பற அதே சட்டத்தால" என்பான். அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் பையனை விட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு நாளும் நான் பயந்ததில்லை. கெவினின் அப்பாவின் துப்பாக்கி நசுங்கியதால் அந்த நிம்மதி வந்தது என்றால், நசுங்கியது சரி என்றுதான் நானும் சொல்வேன். கெவினிடமே சொல்லியிருக்கிறேன், இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னவனைத் தேடிப்பிடித்து, அவன் சொன்ன உண்மையையே அவன் கழுத்தில் மாட்டும் வேலையைக் கட்டுப்பாடு என்று சொல்லாதீர்கள் என்கிறேன். பெட்டியைப் பூட்டி வை என்று கேட்க அரசாங்கத்துக்கு உரிமை உண்டு. வந்து பார்க்கவும் உரிமை உண்டு. இந்த ஊர் பெண் போலீஸ் பூட்சைத் துடைத்துவிட்டு வந்து பார்க்கிறாள். நம் ஊரில் எழுபதுகளில் இருந்து கையெழுத்துப் போட்டுவந்த மனிதரை சட்டை இல்லாமல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சட்டம் இரண்டு ஊரிலும் கடுமைதான். ஆனால் அதன் கீழே நிற்கிறவன் யார் என்பதில் இரண்டு ஊருக்கும் ஒரே எண்ணம் இல்லை. கெவின் கோபப்படும்போது எனக்குச் சில சமயம் சிரிப்பு வருகிறது, சில சமயம் பொறாமை. தன்னைக் குற்றவாளிபோல் நடத்துகிறார்கள் என்று அவர் சொல்கிறார். அப்படி நடத்தினால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

2006இல் ஊருக்குப் போனேன். பஸ் இறங்கி வயல் பக்கம் நடந்தபோது வழி தவறிவிட்டதோ என்று நின்றுவிட்டேன். வேர்க்கடலை இல்லை. மூன்று ஏக்கரும் சவுக்கு, ஆள் உயரத்தைப்போல் மூன்று மடங்கு. நைனா உள்ளே இருந்து வந்தார், முடி முழுதும் நரைத்திருந்தது. "இத்த பன்னி தின்னாது. யார் கிட்டயும் கேட்டுகினு நிக்கத் தேவையில்ல" என்றார். மரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு, எனக்கு இளநீர் வெட்டச் சொல்லப் போனார்.

நான் தோப்புக்குள் தனியாக நின்றேன். கடற்காற்று வந்து சவுக்கு ஊசிகள் ஒரே குரலில் இரைந்தன. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் நைனாவின் நிலத்தில் அதைக் கேட்டதாக ஞாபகம் வரவில்லை. ஆஸ்திரேலியாவில் நாங்கள் இருக்கும் ஊரின் ஆற்றங்கரை முழுதும் இதே சாதி மரம்தான், மாலையில் அதன் அடியில் நடக்கிறேன், அங்கே அது யாரும் நடாமல் தானாக வளரும் மரம். கண்ணை மூடிக்கொண்டால் ஆற்றங்கரை, திறந்தால் நைனாவின் நிலம். தோப்புக்கு வெளியே இருந்து அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்று தெரியாமல் நான் மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன்.