மூத்தவள் கையில் பூசணிக்காய்

என் அத்தை நூல்மில்லில் வேலை பார்த்தாள். புதுக்கோட்டைக்கு வெளியே இருந்த அந்த அரசாங்க மில்லைத் தனியாருக்கு விற்ற வருஷம், யூனியன் போராடி ஒப்பந்தம் ஒன்று போட்டது. பழைய ஆட்களுக்கு இருந்த உரிமை எதுவும் குறையாது. ஆயுதபூஜையன்று குடும்பத்தை உள்ளே அழைத்துப்போய்த் தன் மெஷினைக் காட்டுவதும் அதில் சேர்த்தி. எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போனவன் நான்; ஃபீஸ் கட்டியது அத்தை. அந்த வருஷம் மெஷின் பார்க்க என்னைத்தான் கூட்டிப்போனாள்.

அவள் இடுப்பில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய். பூஜை முடிந்ததும் ஷிப்டில் மூத்தவர் அதை வாசலில் உடைத்தால்தான் மெஷின் ஓடும். அன்றைக்கு மூத்தவள் அத்தை.

வாசலில் கீரமங்கலத்துப் பெண் ஒருத்தி தன் அப்பாவோடு நின்றிருந்தாள். புது முதலாளி காண்ட்ராக்டில் எடுத்தவள். அத்தைக்குப் பக்கத்து மெஷின். அவள் அப்பாவை வாட்ச்மேன் உள்ளே விடவில்லை.

"பழைய ஆளுகளுக்குத்தான்க்கா ஒப்பந்தம். நீங்க உள்ள போங்க" என்றான் அத்தையிடம்.

"அப்ப நானும் இங்கிட்டே இருந்துக்கிறேன்" என்று அத்தை பூசணிக்காயை இறக்கிவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே மெஷினுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த பழைய ஆட்களும் ஒவ்வொருவராக வெளியே வந்து அவளோடு உட்கார்ந்தார்கள். கடைசியில் மேனேஜரே வந்தார்.

"நல்ல நேரம் முடியப்போகுதும்மா."

"நாளைக்கும் நல்ல நேரம் வருங்க சார்."

"ஒங்களுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

அத்தை வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டு, "வேணும் சார்!" என்றேன். கூட்டமே சிரித்தது.

"என் மருமகன் சரியாத்தான் சொல்றான்" என்றாள் அத்தை. குரல் உயரவே இல்லை. "எனக்கும் வேணும், இந்தக் காண்ட்ராக்ட் புள்ளைகளுக்கும் வேணும். இப்ப உள்ள விடுங்க. லீவு முடிஞ்சு யூனியனோட ஒக்காந்து அதுகளையும் ஒப்பந்தத்துல சேருங்க."

மேனேஜர் ஓரமாகப் போய் முதலாளியிடம் போனில் பேசினார். திரும்பி வந்து, எல்லோர் முன்னாலும் சரி என்றார். கேட் முழுசாகத் திறந்தது; பூஜை முடிந்து அத்தை பூசணிக்காயை உடைத்தாள். சொன்னபடியே பொங்கலுக்குள் காண்ட்ராக்ட் ஆட்களும் ஒப்பந்தத்தில் சேர்ந்தார்கள்.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: "ஒங்களத்தான் விட்டாங்கள்ல அத்தை, ஏன் போகல?"

"தனியாப் போக ஒரு மாதிரியா இருந்துச்சுய்யா" என்று என் கையில் பொரியை அள்ளிவைத்தாள்.

பள்ளி திறந்ததும் கூட்டாளிகளிடம் பெருமையாகச் சொன்னேன்: அவ்வளவு பெரிய மில்லில் என் அத்தைதான் மூத்தவள், தனியாக உள்ளே போவதற்கு மட்டும் கொஞ்சம் பயப்படுவாள்.