சாரல் குளிர் என்று நினைத்த அரை மணி நேரம்

ஆஸ்பத்திரி வார்டில் உட்கார்ந்து டைப் செய்கிறேன் மக்களே, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்!

அப்பாவுக்கு பிராஸ்டேட் தொந்தரவு. மூன்று வாரமாக யூரின் டியூபும் பையுமாகத்தான் இருக்கிறார்.

இங்கே குற்றால சீசன். தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், சீசன் வந்தால் சொந்தக்காரர்களுக்குப் பாசம் பொங்கிவிடும்! (அருவி மேல்தான், நம் மேல் இல்லை.)

நேற்று சென்னையிலிருந்து சித்தப்பா குடும்பம், ஒன்பது பேர். அப்பா கட்டிலைச் சுற்றி ஒரே அரட்டை.

சாயங்காலம் அப்பாவுக்குக் குளிர் எடுத்தது.

"சாரக் காத்துல்லா அண்ணே, அப்படித்தான் இருக்கும்" என்று சித்தப்பா ஜன்னலைச் சாத்தினார்.

நான் இன்னொரு போர்வையைப் போர்த்திவிட்டு சுக்குக் காபி போடப் போனேன். (பெரிய அறிவாளி!)

அரை மணி நேரத்தில் கட்டிலே ஆடியது. நெற்றி கொதித்தது.

"எப்பா, என்னப்பா செய்யுது?"

"யாரும்மா நீ?" என்றார்.

பெற்ற மகளைப் பார்த்து!

போர்வையை விலக்கினேன். கட்டிலுக்குக் கீழே தொங்க வேண்டிய பை, அவர் வயிற்றின் மேல் கிடந்தது! உள்ளே ஒரே கலங்கல், வாடை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகிற வழியெல்லாம் பண்பொழி முருகனைத்தான் கூப்பிட்டேன்.

நர்ஸ் கேட்ட முதல் கேள்வியே, "பையை எங்கன வச்சிருந்தீய?"

சொன்னேன்.

"மேல வச்சா மூத்திரம் திரும்ப உள்ள போவும்லா? கிருமியும் சேந்து ஏறிரும். எப்பவும் இடுப்புக்குக் கீழதான் தொங்கணும், தரையிலயும் படக் கூடாது. தொடுததுக்கு முன்னயும் பொறவும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. குளிர் காய்ச்சல் வந்தா போர்வையத் தேடாதீய, உடனே இங்க வாங்க!"

"இன்னும் லேட் ஆகியிருந்தா ரத்தத்துல கலந்து..." என்று டாக்டர் ஆரம்பித்தார். மீதி என் காதில் விழவில்லை.

இன்று காலை காய்ச்சல் இறங்கியது. அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வார்டென்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

"பையை ஏம்ப்பா மேல தூக்கி வச்சீய?"

"தம்பி பொஞ்சாதி, மருமக்கமாரு எல்லாம் எதுக்க இருக்காவ. அவுக முன்னால மூத்திரப் பையத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கச் சொல்லுதியாட்டி?"

வெட்கம்! வெறும் வெட்கத்துக்கு உயிரே போகப் பார்த்தது.

உங்கள் வீட்டிலும் டியூபோடு யாராவது இருக்கிறார்களா? விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் அந்தப் பை எங்கே இருக்கிறது என்று பாருங்கள், ப்ளீஸ்.

வெளியே சாரல் அடிக்கிறது. ஊரே குஷியாக அருவிக்குப் போகிறது.

நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.