பத்தொன்பதாம் கேள்வி

வாணிக்கு மூன்று மொழி தெரியும் என்பதை யாரும் ஒரு திறமையாக எண்ணியதில்லை. தங்கவயலில் பிறந்த யாருக்குத்தான் தெரியாது? வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், பக்கத்து வீட்டுச் சண்டைக்குத் தெலுங்கு. அந்த ஊரின் நந்திதுர்க் பகுதியில் தங்கச் சுரங்கக் கம்பெனி கட்டிப்போட்ட லைன் வீடுகளில் ஒன்றில் பிறந்து, அங்கேயே முப்பத்தொன்பது வயதும் ஆகிவிட்டவளுக்கு, அந்த மூன்று மொழிதான் பெங்களூரில் வேலை வாங்கிக் கொடுத்தது. அதை நினைத்தால் அவளுக்கே சிரிப்பு வரும்.

வேலை இதுதான். நாடு முழுக்க மழைக்காடுகளைக் காப்பாற்ற ஒரு பெரிய திட்டம். காட்டைக் காக்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, அங்கே இருக்கிற சனங்களை மிதித்துவிடக் கூடாதல்லவா? அதைக் கவனிப்பதற்காக ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு. பாதுகாப்புத் தகவல் அமைப்பு என்று அதற்கு நீட்டி முழக்கிப் பெயர் வைத்திருந்தார்கள். ஆபீசில் எல்லோருக்கும் அது வெறும் சிஸ்டம். காட்டு ஊர்களுக்கு ஆட்கள் போய் நாற்பத்தாறு கேள்வி கேட்டு, பதிலைப் போனில் பதிந்து அனுப்புவார்கள். வாணி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு, கட்டங்களில் டிக் அடிப்பாள். அவள் அடிக்கிற டிக்கைப் பொறுத்து வரைபடத்தில் அந்த ஊர் பச்சையாகும், இல்லை சிவப்பாகும். பச்சை என்றால் யாருக்கும் பாதகமில்லை, திட்டம் நடக்கலாம். சிவப்பு என்றால் நிறுத்து, முதலில் போய்ப் பேசு என்று அர்த்தம்.

வாணி இந்த வேலையை மனசாரச் செய்தாள். கொடுமையே அதுதான். ஏனோதானோ என்று செய்திருந்தால் இத்தனை நொந்திருக்க மாட்டாள். விடிவதற்குள் ரயில் பிடித்து, இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே போய், மற்றவர்கள் ஒரு தடவை கேட்கிற பதிவை இவள் இரண்டு தடவை கேட்பாள்.

கேத்தம்மாவின் பதிவையும் அப்படித்தான் பிப்ரவரி மாதம் இரண்டு தடவை கேட்டாள். கேத்தம்மா கல்லுமலைத் தொட்டி என்ற ஊர்க்காரி. மலைமேல் முப்பத்திரண்டு குடும்பம். கன்னடமும் தமிழும் கலந்த பேச்சு, குரலில் அறுபது வயது இருக்கும். பத்தொன்பதாவது கேள்வி, ‘இந்த இடம் உங்களுடையதா?’ அந்த அம்மாள் சிரித்துவிட்டாள்.

“எங்களுது எப்படிப்பா ஆகும்? காடு சாமியோடது. நாங்க இருக்கறோம், அவ்ளோதான். அதோ அது எங்க மாமனாருக்கு வச்ச கல்லு, இது எங்க அக்காவுக்கு வச்ச கல்லு. அவங்களும் இருக்கறாங்க.”

வாணிக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் பதில் அவளுக்குப் புதிதில்லை. அவள் லைனில் எந்தக் கதவைத் தட்டிக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். நாலு தலைமுறையாகக் குடியிருப்பார்கள், ‘கம்பெனி வீடு’ என்பார்கள். யாராவது ‘எங்க சொந்த வீடு’ என்று சொன்னால் தெருவே கைகொட்டிச் சிரிக்கும். நம்முடையது இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு அதிலேயே வாழ்ந்து சாவது அவளுக்குத் தெரிந்த நேர்மை. எனவே ‘உரிமை கோரவில்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். அதற்குக் கீழேயே ‘வழிவழியான உரிமை’ என்று இன்னொரு கட்டம் இருந்தது. முன்னோர் கல், கோயில், சுடுகாடு பற்றிப் பேச்சு வந்தால் இதை அடிக்கவும் என்று குறிப்பும் இருந்தது. வாணி அதைப் படித்தவள்தான். அன்றைக்கு அது அவள் புத்திக்கு எட்டவே இல்லை. கல்லுமலைத் தொட்டி பச்சையாகிவிட்டது.

ஜூன் மாதம் அவளைப் புகார் கேட்கிற போனுக்கு மாற்றினார்கள். ஒரு புதன்கிழமை மத்தியானம் அந்தக் குரல் வந்தது. முதல் வார்த்தையிலேயே வாணிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

“தாயி, திங்கக்கெழம லாரி வருதாம். காட்டுத் திட்டத்துக்காம், எங்கள எல்லாம் கீழ கொண்டாந்து விடறாங்களாம். நாங்களே எங்க எடம் இல்லன்னு சொல்லிட்டோமாம். யார் தாயி சொன்னது?”

வாணி கோப்பைத் திறந்தாள். பத்தொன்பதாம் கேள்விக்குப் பக்கத்தில் சரிபார்த்தவர் பெயர் இருந்தது. அவள் பெயர்.

“அம்மா, அது தப்பா எழுதிக்கீது. நான் மாத்தி எழுதறேன், நான் சரி பண்ணிடறேன். நீங்க பயப்படாதீங்க, இன்னா? யார்கிட்டயும் சண்டைக்குப் போவாதீங்க.”

“நீ எழுதிட்டியா?”

“இப்பவே எழுதறேம்மா.”

எழுதினாள். சிஸ்டம் ஏற்க மறுத்தது. அந்தக் காலாண்டு அறிக்கை டெல்லிக்குப் போய்விட்டது, பூட்டியாயிற்று. ஓடிப்போய் சௌந்தரராஜனிடம் நின்றாள். அவர்தான் அவள் பிரிவுக்குத் தலைவர். அவரும் தங்கவயல்தான், தொழிற்சாலை என்ஜினீயர் மகன், குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்.

“இன்னா வாணி பண்றது? திருத்தணும்னா மறுபடியும் ஆள் மேல போய்க் கேக்கணும். பத்து வேலை நாள் ஆவும்.”

“திங்கக்கெழம லாரி வருது சார்!”

“லாரிய நாமளா அனுப்பறோம்? நம்ம வேலை தகவல்.”

“தப்பான தகவல் சார். நான் போட்டது. நானே சொல்றேன் தப்புன்னு.”

“நீ சொன்னா ஆயிடுமா? சிஸ்டம் சொல்லணுமே.”

அவர் கெட்டவர் இல்லை. திருத்த மனுவில் அப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாவி மனுஷன், அதற்குமேல் தன் கையில் ஒன்றுமில்லை என்று உண்மையாகவே நம்பினார். வாணி தன் பெயரைப் போட்டு, தன் தப்பை ஒப்புக்கொண்டு, லாரிக்கு உத்தரவிட்ட அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினாள். பதிலில்லை. போன் போட்டாள். எடுத்தவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். “எங்க ஸ்கிரீன்ல பச்சைதான் மேடம் காட்டுது,” என்றார். அந்தப் பச்சையை வைத்தவளே நான்தான் என்று இவள் கத்தினாள். கத்தி என்ன பயன்? வைத்த ஆளை நம்ப யாருமில்லை, வைத்த நிறத்தை எல்லோரும் நம்பினார்கள்.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் கேத்தம்மா போன் செய்தாள். மூன்று நாளும் இவள் “எழுதிட்டேம்மா, பொறுத்துக்கோங்க” என்றாள். அந்த அம்மாளுக்குத் தைரியம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, யாருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சோறு இறங்கவில்லை. அவள் அம்மா கிருஷ்ணம்மா விடாமல் துருவித் துருவிக் கேட்டு, விஷயத்தை வாங்கிவிட்டாள்.

“நாமளும் அப்படித்தானம்மா சொல்றோம், கம்பெனி வீடுன்னு,” என்றாள் வாணி.

கிருஷ்ணம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அடிப் பாவி! கம்பெனி வீடுன்னு நாப்பது வருசமா சொல்லிக்கினுதான் கீறேன். அதுக்குன்னு எவனாச்சும் வந்து எறங்குன்னா எறங்கிடுவனா? உங்க அப்பன் உசுரு போன வீடுடி இது! இது கூடவா உனக்குத் தெரியாது?”

தெரியவில்லை. பிறந்ததிலிருந்து தினமும் காதில் விழுந்த பேச்சுக்கு அவள் முழுத் தப்பாக அர்த்தம் பண்ணி வைத்திருந்தாள். சொந்தத் தெருவையே சரியாகக் கேட்காதவள், முன்பின் பார்க்காத ஒரு மலையைக் கேட்டு எழுதியிருக்கிறாள். அன்று அவள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே கூசினாள்.

திங்கட்கிழமை லாரி வந்தது. அன்றைக்குக் கேத்தம்மா போன் செய்யவில்லை. அதற்கப்புறமும் செய்யவில்லை.

பத்து வேலை நாளில் மறுசோதனைக்கு ஆள் போனான். கல்லுமலைத் தொட்டியில் கேள்வி கேட்க ஒருவரும் இல்லாததால், கற்களைப் படமெடுத்து அனுப்பினான். மறுநாள் திருத்தம் ஏற்கப்பட்டது. பச்சை சிவப்பாயிற்று. ஆபீசில் ஒரே சந்தோஷம். அடுத்த வாரக் கூட்டத்தில் சௌந்தரராஜன் அந்த ஊரைத்தான் உதாரணமாகத் திரையில் காட்டினார். தப்பு நடந்தால் நம் அமைப்பே கண்டுபிடிக்கிறது, பாருங்கள் என்றார். கைதட்டினார்கள். வாணியை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றாள், வேறென்ன செய்வாள்.

புகாரை முடித்து வைக்க ஒரு சடங்கு பாக்கி இருந்தது. புகார் கொடுத்தவரைக் கூப்பிட்டு, தீர்வில் திருப்தியா என்று கேட்டுக் கட்டத்தை நிரப்ப வேண்டும். நாலு நாள் தள்ளிப்போட்டாள். ஐந்தாம் நாள் போட்டாள். கேத்தம்மா எடுத்தாள். பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

“அம்மா, வாணி பேசறேன். உங்க ஊரு... இப்ப சிவப்பு ஆயிடுச்சிம்மா. அது உங்க எடம்னு ஒத்துக்கினாங்க.”

“அப்படியா!” அந்தக் குரலில் எவ்வளவு சந்தோஷம்! “அப்ப லாரி எப்ப தாயி வரும், எங்கள ஏத்திக்கினு போக?”

வாணி கோப்பைத் திறந்தாள். திரையில் மேலும் கீழும் தேடினாள். நாற்பத்தாறு கேள்வியிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

“லாரி வராதும்மா,” என்றாள். “எழுதறது மட்டுந்தான் எங்க வேலை.”

கேத்தம்மா பேசினாள். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் வாணி தாங்கியிருப்பாள்.

“எங்களுக்குப் பக்கத்து ஊரு மேத்தொட்டிக்காரங்க எல்லாம் ரோட்டுல படுத்துட்டாங்க தாயி. அவங்க லாரி திரும்பிப் போயிடுச்சி. அவங்க இன்னும் மேலதான் இருக்கறாங்க. நாங்களும் படுக்கலாம்னுதான் வந்தோம். நான்தான் வேணாம்னுட்டேன். அந்தப் பொண்ணு எழுதிட்டேன்னு சொல்லிச்சி, சண்ட வேணாம்னு சொல்லிச்சி, ஏறுங்கன்னு நான்தான் எல்லாரையும் ஏத்தி விட்டேன்.”