சுவரொட்டியில் மாமாவின் எண்

என் மாமா அச்சகத்தில் சுவரொட்டி வடிவமைப்பவர். நாலு பேர் கூடிய இடத்தில் வாயே திறக்க மாட்டார். போன தேர்தலுக்குத் தலைவர் படத்தின் கீழ் "கூப்பிடுங்க, வருவேன்" என்று எழுதிக் கொடுத்தது அவர்தான்.

தொடர்பு எண் இன்னும் கைக்கு வராத வேலைகளில், அந்த இடம் வெறுமையாகத் தெரியாமலிருக்கத் தன் கைபேசி எண்ணைத் தட்டி வைப்பது மாமாவின் பழக்கம். கட்சிக்காரர் மூன்று தடவை வந்து பார்த்தார். முடியைக் கறுப்பாக்கச் சொன்னார். நெற்றிச் சுருக்கத்தை எடுக்கச் சொன்னார். எண்ணை அவரும் பார்க்கவில்லை, மாற்ற மாமாவும் மறந்துபோனார். சுவரெல்லாம் ஒட்டியாயிற்று. தலைவர் ஜெயித்தும் ஆயிற்று.

அதன் பிறகுதான் மாமாவின் கைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கியது.

"வெளியே மூச்சு விட்றாதே. தெரிஞ்சா அச்சகத்துக்குப் பூட்டுதான்," என்றார் முதலாளி.

அத்தை விடவில்லை. "ஊருக்கே ஐயா தேவைப்படுறார். நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுதே, அதுக்கும் போன்லதான் கூப்பிடணுமா?"

எல்லாரிடமும் "தப்பான நம்பருங்க" என்று வைத்துவிடுவார் மாமா. ஒரு மதியம் பக்கத்துத் தெருத் தையல்காரப் பெண் அழைத்தாள்.

"வீட்டுக்காரர் மூச்சு விட முடியாம கிடக்காருங்க. மூணாவது மாடி. தூக்கி இறக்க ஆளில்ல. வருவேன்னு சொன்னீங்களே ஐயா..."

அந்த வார்த்தையைத் தலைவர் வாயில் வைத்தவரே மாமாதான். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். அந்த மனிதரை முதுகில் சுமந்து இறக்கி, கிடைத்த வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிழைத்துக்கொண்டார்.

"தலைவர்தானே உங்கள அனுப்புனாரு?" என்று அந்தப் பெண் கைகூப்பிக் கேட்டாள்.

பூட்டிய அச்சகம் மாமாவின் கண்முன் வந்து நின்றது. தலையாட்டினார்.

அடுத்த தேர்தலுக்கு அவள் படமே மாமாவின் கணினிக்கு வந்தது. "கூப்பிட்டேன். வந்தார்." பக்கத்தில் தலைவர்.

"அந்தம்மாவச் சின்னதாக்குங்க. தலைவர் முகம் எடுபடல," என்றார் கட்சிக்காரர்.

மாமா சின்னதாக்கினார்.

இம்முறை கட்சி அலுவலக எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மாமா அதைக் கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி கூப்பிட்டார். மாலையில், கிளம்பும் முன் இன்னொரு தடவை. யாரும் எடுக்கவில்லை.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எண் வரவேண்டிய இடத்தில் தன் எண்ணையே தட்டினார்.