ஃபரேஜ் கேட்காமல் விட்ட முத்திரை

நுவைபாவுக்கு வடக்கே, கடலோரச் சாலை ஒரு வறண்ட ஓடையைத் தாண்டுகிற இடத்தில் ஃபரேஜின் வீடு இருக்கிறது. ஃபரேஜ், ஸுபைஹின் மகன். ஸுபைஹ், அந்தக் கரையில் முதல் பேரீச்சங்கன்றை ஊன்றிய ஈதின் மகன். மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு வாய் நீளம், கோபம் குட்டை.

ஃபரேஜ் இருபத்திரண்டு வருடமாகத் தாபா எல்லை வாசலில் டாக்சி ஓட்டுகிறவன். பள்ளிக்கூடம் போனது இரண்டு குளிர்காலம்தான். வெள்ளைக்காரர் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் பாஸ்போர்ட்டைப் பிரித்துக் காட்டினால் போதும். ஒட்டகத்தின் தொடையில் இருக்கும் சூட்டுக்குறியைப் பார்த்து இது இன்ன குலத்து ஒட்டகம் என்று சொல்வதுபோல, இந்த ஆள் எந்த விசாவில் வந்திருக்கிறான், எத்தனை நாள் இருக்கலாம், எதுவரை போகலாம் என்று சொல்லிவிடுவான்.

"சும்மா குடுக்குறாங்களே சீனாய் முத்திரை, அது ஆட்டுக்குக் கட்டுன கயிறு," என்பான். "பதினாலு நாள். கடக்கரையில மேயலாம், கேத்தரீன் மலையில ஏறலாம். கெய்ரோ பக்கம் போகக் கால்வாயத் தாண்டணும்னு நெனச்சா கயிறு கழுத்த இழுக்கும். காசு குடுத்து ஒட்டுற ஸ்டிக்கர் இருக்கு பாரு, அது அவுத்துவிட்ட ஆடு. முப்பது நாள், நாடு பூரா மேயலாம்."

வண்டியில் ஏறுகிற யாரையும் முதலில் அதைத்தான் கேட்பான். ஒருமுறை புதுமணத் தம்பதி ஒன்று வந்தது. கணவனுக்கு வாசலிலேயே முத்திரை கிடைத்தது. மனைவி வேறு நாட்டுக்காரி, அவள் முன்கூட்டியே தூதரகத்தில் விசா வாங்கி வந்திருக்க வேண்டும். கணவன் இந்தப் பக்கம், மனைவி அந்தப் பக்கம், நடுவில் இரும்புக்கதவு. ஃபரேஜ்தான் அவனைத் தோளில் தட்டி, "ராசா, தேனிலவ அந்தப் பக்கமே ஒரு நாள் வச்சுக்க. தூதரகம் காலைல தெறக்கும்," என்று திருப்பி அனுப்பினான். இன்னொருவனின் பாஸ்போர்ட் ஐந்து மாதத்தில் முடிவதாக இருந்தது. ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆள் சண்டை போட்டான். "பாஸ்போர்ட்டும் பாலும் ஒண்ணுதாய்யா. கெட்டுப்போற தேதிக்கு முன்னாடியே யாரும் தொடமாட்டாங்க," என்று சமாதானம் சொன்னதும் ஃபரேஜ்தான்.

இப்பேர்ப்பட்டவன் ஒரே ஒரு முறை கேட்காமல் விட்டான்.

அன்றைக்குச் சனிக்கிழமை. தாபாவிலிருந்து வந்த பேருந்து ஓடைப் பக்கம் புகைவிட்டு நின்றுபோனது. இறங்கினவர்கள் வருகிற லாரியில் எல்லாம் தொற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அறுபது வயசு இருக்கும் ஒரு டென்மார்க்கு அம்மாள் மட்டும், பெட்டியை இழுத்துக்கொண்டு ஃபரேஜின் வீட்டு நிழலுக்கு வந்து தண்ணீர் கேட்டாள். இங்கெர் என்று பேர். முன்பு அகபாவில் நான்கு வருடம் நர்ஸாக இருந்தவள். நொண்டி நொண்டியாவது அரபு பேசுவாள்.

அந்த வாரம் ஃபரேஜின் மகன் அவ்தாவுக்கு ஆண்பிள்ளை பிறந்திருந்தது. ஆடு அறுத்திருந்தார்கள். தண்ணீர் கேட்டவளுக்குச் சோறும் கறியும் வந்தது, காபி வந்தது, படுக்கை விரிந்தது.

"எனக்கு ஒரே மகன், யென்ஸ். கெய்ரோல வேலை," என்றாள் இங்கெர். "வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணி, கல்யாணம். பொண்ணு கெய்ரோ. அவன் அப்பா செத்துட்டாரு. நான் மட்டும்தான் இருக்கு. போகணும்."

"என் முகத்து மேல சொல்றேன்," என்றான் ஃபரேஜ். "வியாழக்கிழமை எட்டு மணிக்கு நீங்க மகன் பக்கத்துல நிப்பீங்க. நானே கொண்டுவிடுறேன். அதுவரைக்கும் இங்கயே இருங்க."

அந்தக் கரையில் அப்படிச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். காரியம் நடக்காவிட்டால் முகம் கறுத்தவன் என்று பேர். அந்தப் பேர் பிள்ளைகளுக்குப் பெண் கேட்டுப் போகும் வரைக்கும் கூடவே வரும்.

டாக்சியில் ஏறியிருந்தால் அவள் பயணி. கதவைச் சாத்துமுன் பாஸ்போர்ட்டைக் கேட்டிருப்பான். ஆனால் வீட்டு நிழலில் வந்து நின்றவள் விருந்தாளி. விருந்தாளியிடம் மூன்று நாளும் அதற்கு மேல் ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கும் கழிகிற வரைக்கும் யார், எங்கிருந்து, எதற்கு, எப்படி என்று கேட்கக் கூடாது. தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அவள் மகன் கதையைச் சொன்னாள், அகபா கதையைச் சொன்னாள், செத்துப்போன கணவனின் மூட்டுவலி வரைக்கும் சொன்னாள். முத்திரையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஃபரேஜுக்கு நாக்கு நுனி அரித்தது. கடித்துக்கொண்டான்.

செவ்வாய் மாலையோடு கணக்கு முடிந்தது. புதன்கிழமை காலை, ரொட்டியையும் வெண்ணெயையும் வைத்துக்கொண்டே, "அம்மா, அந்தப் புஸ்தகத்தக் கொஞ்சம் காட்டுங்க," என்றான்.

காட்டினாள். சும்மா கிடைக்கிற சீனாய் முத்திரை.

"ஏன் தாயி, கெய்ரோ போறவுங்க இதயா வாங்குவாங்க?"

"அங்க ஆளு கேட்டாரு, காசு குடுத்தா வேணுமா, இலவசமா வேணுமான்னு. எங்க ஊருல இலவசம்னா எடுத்துப்போம்."

ஃபரேஜ் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். கால்வாய்க்குப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் இந்த முத்திரையைக் கண்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தாபாவுக்குத் திரும்பி, வெளியே போய், மறுபடி உள்ளே வந்து ஸ்டிக்கர் வாங்கலாம். அதற்கு உள்ளூர்ப் பயண அலுவலகம் ஒன்று 'இவருக்கு நாங்கள் பொறுப்பு' என்று கடிதம் தரவேண்டும். இல்லாவிட்டால் தெற்கே ஷர்ம் விமான நிலையத்துக்குப் போய் அங்கே ஸ்டிக்கர் வாங்கலாம். அங்கே போனாலும் கடிதம் இருந்தால்தான் பேச்சு.

"கடிதம் குடுக்குற ஆளு யாரு?" என்று அவன் மனைவி அம்ரியா கேட்டாள். பதில் தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"பாப்போம்."

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? ஷர்முல உங்க சின்னம்மா மகன் ஹுமைத் இருக்காரு, ஆபீஸ் போட்டு, பலகை மாட்டி."

"அவன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்."

"அவரு மூஞ்சியில முழிக்காட்டி, ஊரு மூஞ்சியில முழிக்க முடியாது, அவ்தாவோட அப்பா. எது வசதின்னு பாத்துக்கங்க."

ஃபரேஜின் தாயும் ஹுமைதின் தாயும் கூடப்பிறந்தவர்கள். ஃபரேஜும் ஹுமைதும் ஒரே ஆட்டின் பால் குடித்து வளர்ந்தவர்கள். ஆனால் ஷர்மில் ஆபீஸ் போட்ட பிறகு ஹுமைத் மாறிவிட்டான். வீட்டு வாசலில் வெளிநாட்டுக்காரர் யார் வந்து நின்றாலும் சலாமுக்கு முன்னால் பாஸ்போர்ட்டைக் கேட்பான். இரண்டு வருடம் முன்பு, குலமே கூடியிருந்த ஒரு கல்யாணத்தில் ஃபரேஜ் சும்மா இருக்காமல், "நம்ம ஹுமைத் சொர்க்கத்து வாசல்ல நின்னா வானவருகிட்டயே விசா கேப்பான்," என்றான். சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

மதியத்துக்கு முன்பே வண்டி ஷர்மில் நின்றது. ஹுமைதின் ஆபீஸில் குளிர்சாதனம் ஓடியது. நான்கைந்து பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள், எல்லாம் சொந்தக்காரப் பயல்கள். ஃபரேஜைப் பார்த்ததும் கோப்பைகள் அந்தரத்தில் நின்றன.

"வாங்கண்ணே," என்றான் ஹுமைத், எழுந்திருக்காமல். "வழி தவறி வந்துட்டீங்களா?"

"வேலையாத்தான் வந்தேன்."

"பாஸ்போர்ட் இருக்கா?"

பயல்கள் தேநீருக்குள் சிரித்தார்கள். ஃபரேஜ் பல்லைக் கடித்துக்கொண்டு இங்கெரின் பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்தான். ஹுமைத் பிரித்தான், பார்த்தான், நிமிர்ந்தான்.

"சீனாய் முத்திரை. எங்க போகணும்?"

"கெய்ரோ. நாளைக்கு ராத்திரி மகன் கல்யாணம்."

"எத்தன நாளா உங்க வீட்டுல இருக்காங்க?"

"சனிக்கிழமையிலருந்து."

"சனிக்கிழமையிலருந்து!" ஹுமைத் நாற்காலியில் சாய்ந்தான். "முத்திரை பாக்குறதுல ராஜா. நாலு நாளா விருந்து வச்சிட்டு, நாள நெருக்கிட்டு எங்கிட்ட வந்திருக்காரு. கேக்க வேண்டியதுதானேண்ணே? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"விருந்தாளிகிட்ட எப்படிடா கேப்பாங்க?"

"நான் கேப்பேன். கேட்டதுக்குத்தான என்னக் கல்யாண வீட்டுல நாறடிச்சீங்க. எல்லாரும் கேக்க, 'ஹுமைத், நீ கேட்டது சரி'ன்னு சொல்லுங்க. இப்பவே கடிதத்துல முத்திரை குத்தித் தர்றேன்."

ஃபரேஜ் தொண்டையைக் கனைத்தான்.

"ஹுமைத், நீ கேட்டது சரி," என்றான். "ஆனா ஒரு வாய் காபி குடுத்துட்டுக் கேட்டிருக்கணும்."

ஹுமைத் கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். எழுந்து வந்து, அந்தக் கரை வழக்கப்படி அண்ணனின் மூக்கோடு மூக்கு வைத்துச் சலாம் சொன்னான். அதுவரை வாசலில் நின்ற இங்கெரை உள்ளே அழைத்து, முதலில் காபி ஊற்றிக் கொடுத்து, அதன் பிறகு, "அம்மா, உங்க முழுப்பேரு சொல்லுங்க," என்று பேனாவை எடுத்தான். கடிதம் தயாரானது. விமான நிலையத்தில் இரண்டு ஜன்னல், மூன்று வரிசை, ஒரு அதிகாரியின் சாப்பாட்டு நேரம். சாயங்காலம் ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. ஃபரேஜ் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

அன்று ஹுமைத் வீட்டில் தங்கி, வியாழக்கிழமை விடியலில் புறப்பட்டார்கள். மத்தியானம் கால்வாய்க்கு முன்னால் இருக்கும் சாவடி வந்தது. இளம் அதிகாரி ஒருவர் இங்கெரின் பாஸ்போர்ட்டை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

"எல்லாம் சரியா இருக்கும்மா. நீங்க போகலாம். நீ எறங்கு."

ஃபரேஜ் இறங்கினான். அடையாள அட்டையைக் கொடுத்தான். சீனாயிலிருந்து வருகிற ஆள், டாக்சி பலகை, கூட ஒரு வெளிநாட்டு அம்மாள். பேர் சரிபார்க்க வேண்டும், மேலே கேட்க வேண்டும், மேலே உள்ளவர் தொழுகைக்குப் போயிருக்கிறார். ஒரு மணி ஆனது, இரண்டு மணி ஆனது.

"அம்மா, வேற வண்டி புடிச்சுத் தர்றேன், நீங்க கெளம்புங்க," என்றார் அதிகாரி.

இங்கெர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு நிழலில் உட்கார்ந்துகொண்டாள். "இவரு இல்லாம போகாது."

"கல்யாணம்னு சொன்னீங்க."

"ஆமா. இவருக்கு என்ன விசா இல்ல? சொல்லுங்க, நான் வாங்கித் தரேன். ஷர்ம் எனக்குத் தெரியும்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவரு இந்த நாட்டுக்காரரும்மா. இவருக்கு எதுக்கு விசா?"

"அதுதான் சார் கஷ்டம்," என்றான் ஃபரேஜ். "வெளிநாட்டுக்காரனா இருந்தா ஒரு ஸ்டிக்கரோட போயிருப்பேன்."

அதிகாரி உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தார். இந்த முறை கொஞ்சம் சத்தமாகவே பேசினார். நாலரை மணிக்கு அட்டை திரும்பி வந்தது.

அதற்கப்புறம் ஃபரேஜ் ஓட்டிய ஓட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. கெய்ரோவின் நெரிசலுக்குள் நுழையும்போது ஏழு. தெருப்பேர் தெரியாமல் மூன்று பேரை வழி கேட்டு, மூன்று பேரும் மூன்று பக்கம் காட்டி, கடைசியில் தம்பட்டச் சத்தத்தை வைத்தே மண்டபத்தைக் கண்டுபிடித்தார்கள். படிக்கட்டில் மாப்பிள்ளை ஊர்வலம் நின்றிருந்தது. உயரமான செம்பட்டைத் தலை ஒன்று, முன்னேயும் போகாமல் பின்னேயும் வராமல், தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது. இங்கெர் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஃபரேஜ் ஓரமாக நின்று தலைத்துணியில் தூசியைத் தட்டினான். பெண்ணின் தகப்பனார் வந்தார். பெரிய மனிதர், கழுத்துப்பட்டையெல்லாம் கட்டியிருந்தார். பெண் வீட்டார் இருநூறு பேர். மாப்பிள்ளை பக்கம் வாசலில் நின்று கைகொடுக்க ஆண்பிள்ளை ஒருவர் இல்லை. அந்தக் கவலை அவர் முகத்தில் ஒரு வாரமாகவே இருந்திருக்கும்.

"நீங்க மாப்பிள்ளைக்கு என்ன முறை?" என்றார்.

ஃபரேஜ் இங்கெரைப் பார்த்தான். நாலு நாள் அவன் வீட்டு உப்பைத் தின்றவள், மணிக்கணக்காக அவனுக்காகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள்.

"தாய்மாமன்," என்றான்.

அவர் ஃபரேஜின் கறுத்த முகத்தைப் பார்த்தார், மாப்பிள்ளையின் செம்பட்டை முடியைப் பார்த்தார், மறுபடி ஃபரேஜைப் பார்த்தார்.

"எங்க குடும்பத்துல கொஞ்சம் வெயில்ல நின்னவன் நான்தான்," என்றான் ஃபரேஜ்.

அவர் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து இழுத்து, வாசலில் தன் வலப்பக்கம் நிறுத்திக்கொண்டார். கடைசி விருந்தாளி உள்ளே போகும் வரை, மாப்பிள்ளை வீட்டார் என்று நின்று, இருநூறு பேருக்கும் ஃபரேஜ் கைகொடுத்தான்.